செய்ய நினைப்பவர்களில் பாதிப் பேர் ஏன் செய்வதில்லை?

கேட்கப்பட்ட கேள்வி இது: "ஒன்றைச் செய்ய வேண்டும் என்ற எண்ணம்தான் மனிதரைச் செய்ய வைக்கிறது என்று உளவியல் மாதிரிகள் சொல்கின்றன. அப்படியானால் உடற்பயிற்சி செய்ய வேண்டும், புகைப்பதை விட வேண்டும் என்று மனதார நினைப்பவர்கள் ஏன் அதைச் செய்வதில்லை? இந்த மாதிரிகளில் எதை நம்பலாம், எதை எங்கே பயன்படுத்தலாம்?"

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எண்ணம் எப்படி உருவாகிறது என்பதை இந்த மாதிரிகள் நன்றாகவே விளக்குகின்றன. உருவான எண்ணம் செயலாக மாறும் கட்டத்தில் அவற்றில் பல தடுமாறுகின்றன. இரண்டும் வேறு வேறு சிக்கல்கள். நாம்தான் இரண்டையும் ஒன்றாகக் குழப்பி, செய்யாமல் போனவரைப் பார்த்து "மனசு இல்லை" என்று சொல்லிவிடுகிறோம். மனசு இருந்தும் செய்யாமல் போகிறவர்கள் ஏராளம் என்று தரவுகள் சொல்கின்றன.

இந்தத் துறை ஒரு சங்கடத்திலிருந்துதான் பிறந்தது. 1930களின் தொடக்கத்தில் அமெரிக்கச் சமூகவியலாளர் ரிச்சர்ட் லாப்பியர், சீன இனத்தைச் சேர்ந்த ஓர் இளம் தம்பதியோடு காரில் அமெரிக்காவைச் சுற்றினார். ஆசிய எதிர்ப்பு வெளிப்படையாக இருந்த காலம் அது. சுமார் 10,000 மைல் பயணத்தில் 251 விடுதிகளுக்கும் உணவகங்களுக்கும் போனார்கள். ஒரே ஓர் இடத்தில்தான் அவர்களுக்கு இடம் மறுக்கப்பட்டது. ஆறு மாதம் கழித்து அதே இடங்களுக்கு லாப்பியர் கடிதம் எழுதி, சீன இனத்தவரை விருந்தினராக ஏற்பீர்களா என்று கேட்டார். பதில் எழுதிய 128 பேரில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் "மாட்டோம்" என்றார்கள். 1934இல் இது கட்டுரையாக வந்தது.

வழக்கமாக இதை "சொல்வது ஒன்று, செய்வது ஒன்று" என்பதற்குச் சான்றாகக் காட்டுவார்கள். எனக்கு அது அவசர முடிவாகப் படுகிறது. கடிதத்துக்குப் பதில் எழுதியவரும் அன்று வரவேற்பு மேசையில் நின்றவரும் ஒரே ஆள்தானா என்பதே உறுதியில்லை. கடிதம் கேட்டது பெயரில்லாத ஓர் இனத்தைப் பற்றி. வாசலில் வந்து நின்றதோ நல்ல உடையணிந்து, புன்னகையோடு, தெளிவாக ஆங்கிலம் பேசிய இருவர், கூடவே ஒரு வெள்ளைக்காரப் பேராசிரியர். கேட்ட கேள்வி ஒன்றைப் பற்றியது, கவனித்த செயல் இன்னொன்றைப் பற்றியது. இந்த நுணுக்கம் பிடிபட ஒரு தலைமுறைக்கு மேல் ஆயிற்று. அதற்குள் 1969இல் உளவியலாளர் ஆலன் விக்கர் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, மனப்பான்மைக்கும் நடத்தைக்கும் இடையிலான ஒட்டுறவு (இரண்டும் எவ்வளவு சேர்ந்து போகின்றன என்பதைக் காட்டும் எண்; பூஜ்யம் என்றால் தொடர்பே இல்லை, ஒன்று என்றால் முழுத் தொடர்பு) 0.30ஐத் தாண்டுவதே அரிது, பல நேரம் பூஜ்யத்தை ஒட்டியே நிற்கிறது என்று எழுதினார். மனப்பான்மை என்ற கருத்தையே கைவிட்டுவிடலாமா என்று சமூக உளவியலாளர்கள் யோசிக்கத் தொடங்கிய நேரம் அது.

சமூக உளவியலாளர்கள் மார்ட்டின் ஃபிஷ்பைனும் ஐசக் அய்சனும் இங்கேதான் நுழைகிறார்கள். அவர்கள் சொன்னது எளிமையானது: பொதுவான கேள்வி கேட்டுவிட்டுக் குறிப்பிட்ட செயலை எதிர்பார்க்காதீர்கள். எந்தச் செயல், எதைக் குறித்து, எந்தச் சூழலில், எந்தக் காலத்துக்குள் என்ற நான்கும் கேள்வியிலும் செயலிலும் பொருந்தி வர வேண்டும். இதற்கு நான் எப்போதும் காட்டும் சான்று 1979இல் டேவிட்சனும் ஜக்கார்டும் பெண்களிடம் நடத்திய ஆய்வு. அடுத்த இரண்டு ஆண்டுகளில் கருத்தடை மாத்திரை பயன்படுத்துவார்களா என்பதை அவர்கள் பின்தொடர்ந்து பார்த்தார்கள். "குடும்பக் கட்டுப்பாடு பற்றி என்ன நினைக்கிறீர்கள்?" என்ற கேள்விக்கான பதில், பின்னர் நடந்ததோடு 0.08 அளவே ஒட்டியது. அதாவது ஒட்டவே இல்லை. "கருத்தடை மாத்திரை பற்றி?" என்று கேட்டபோது 0.32. "அடுத்த இரண்டு ஆண்டுகளில் நீங்கள் அந்த மாத்திரையைப் பயன்படுத்துவது பற்றி?" என்று கேட்டபோது 0.57. அதே பெண்கள், அதே செயல். கேள்வி செயலை நெருங்க நெருங்க எண் ஏறியது. விக்கரின் அவநம்பிக்கையில் பெரும்பகுதி, கேள்வியைத் தவறாகக் கேட்டதால் வந்தது.

இந்த அடித்தளத்தின் மேல் 1975 வாக்கில் அவர்கள் கட்டியதுதான் காரணச் செயல் கோட்பாடு. செயலுக்கு மிக அருகில் நிற்கும் காரணம் எண்ணம். அந்த எண்ணத்துக்குப் பின்னால் இரண்டு ஊற்றுகள். ஒன்று, அந்தச் செயலைப் பற்றிய மனப்பான்மை: இதைச் செய்தால் என்னென்ன விளையும், அவை எனக்கு நல்லதா கெட்டதா. இன்னொன்று, நான் மதிக்கும் ஆட்கள் இதைப் பற்றி என்ன நினைப்பார்கள், அவர்கள் நினைப்பதற்கு நான் எவ்வளவு இடம் கொடுக்கிறேன். மரபுக் கூறுகள், ஆளுமை, வயது, வருமானம் எல்லாம் இந்த இரண்டின் வழியாக மட்டுமே எண்ணத்தைத் தொடும் என்றார்கள். துணிச்சலான கூற்று.

'காரண' என்ற பெயரைப் பார்த்துவிட்டு, மனிதர்கள் அறிவுபூர்வமாக நடக்கிறார்கள் என்று இந்தக் கோட்பாடு சொல்வதாகப் பலர் குறை கூறுகிறார்கள். அது அப்படிச் சொல்லவில்லை. ஒருவர் தடுப்பூசி போட்டால் மலட்டுத்தன்மை வரும் என்று நம்பலாம். நம்பிக்கை தவறு. ஆனால் அந்த நம்பிக்கையிலிருந்து 'போட மாட்டேன்' என்ற எண்ணம் ஒழுங்காகவே பிறக்கிறது. கோட்பாடு சொல்வது அந்த ஒழுங்கைப் பற்றி மட்டும்தான்.

நினைத்தால் செய்துவிடக்கூடிய செயல்களுக்கு இது போதும். வாக்களிப்பது, ஒரு பொருளை வாங்குவது போன்றவை. ஆனால் புகையை விடுவது, எடையைக் குறைப்பது, வேலை தேடிப் பெறுவது எல்லாம் நினைத்த மாத்திரத்தில் முடிகிற காரியங்களா? அய்சன் 1985இல் மூன்றாவது ஊற்றைச் சேர்த்தார்: இது என் கையில் இருக்கிறது என்ற உணர்வு. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1977இல், உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா எழுதிய தன்திறன் நம்பிக்கைக்கு ('என்னால் இதைச் செய்ய முடியும்' என்ற நம்பிக்கைக்கு) இது நெருங்கிய உறவு. விரிந்த மாதிரிக்குத் திட்டமிட்ட நடத்தைக் கோட்பாடு என்று பெயர். 1991இல் அய்சன் எழுதிய கட்டுரை உளவியலிலேயே மிக அதிகமாக மேற்கோள் காட்டப்படும் கட்டுரைகளில் ஒன்று.

இந்த மூன்றாவது ஊற்று இரண்டு திசைகளில் ஓடுகிறது, அதைக் கவனிக்காமல் விடக் கூடாது. புகைக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். நான்கு முறை விட்டு நான்கு முறையும் திரும்பப் போனவர். கெடுதல் என்று தெரியும். வீட்டில் எல்லோரும் விடச் சொல்கிறார்கள். மனப்பான்மையும் சமூக அழுத்தமும் இரண்டும் சரியாகவே இருக்கின்றன. ஆனால் 'என்னால் ஆகாது' என்று முடிவு கட்டிவிட்டதால் அடுத்த முறை விட வேண்டும் என்ற எண்ணமே அவருக்கு வருவதில்லை. இது முதல் திசை: கட்டுப்பாட்டு உணர்வு எண்ணத்தையே தடுக்கிறது. இரண்டாவது திசை நேராகச் செயலுக்குப் போகிறது. அவரது கணிப்பு உண்மை நிலைக்கு நெருக்கமாக இருந்தால், அதாவது நிகோட்டின் பிடி அவ்வளவு வலுவாக இருந்தால், எண்ணம் எப்படி இருந்தாலும் அந்தக் கணிப்பே முடிவைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இனி எண்கள். 2001இல் ஆர்மிட்டேஜும் கானரும் 185 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். எண்ணத்தில் ஆளுக்கு ஆள் காணும் வேறுபாட்டில் 39 விழுக்காட்டையும், நடத்தையில் 27 விழுக்காட்டையும் இந்த மாதிரி விளக்கியது. சமூக அழுத்தம்தான் மூன்றில் நோஞ்சான் என்பதும் தெரிந்தது. அதற்குக் கோட்பாடு மட்டும் காரணமல்ல, அதை அளக்கும் விதமும் சரியில்லை என்பது அந்த ஆசிரியர்களின் கருத்து. எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. மற்றவர்கள் நம்மிடம் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்பது மட்டுமல்ல, மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதும் நம்மை இழுக்கிறது. பின்னாளில் ஃபிஷ்பைனும் அய்சனும் அதையும் உள்ளே சேர்த்துக்கொண்டார்கள்.

27 விழுக்காடு சமூக அறிவியலில் நல்ல எண்தான். 2002இல் பாஸ்கல் ஷீரன் முந்தைய தொகுப்பாய்வுகளையே தொகுத்தபோது, எண்ணத்துக்கும் செயலுக்கும் இடையே 0.53 ஒட்டுறவு கிடைத்தது. வெளியே பார்த்தால் வெற்றி. ஆனால் ஷீரன் அந்த ஒற்றை எண்ணை உடைத்துப் பார்த்தார். ஆட்களை நான்கு பிரிவாக்கினார்: நினைத்துச் செய்தவர்கள், நினைத்தும் செய்யாதவர்கள், நினைக்காமல் செய்யாதவர்கள், நினைக்காமலே செய்தவர்கள். செய்ய நினைக்காதவர்களில் ஏறக்குறைய 7 விழுக்காட்டினர் மட்டுமே செய்திருந்தார்கள். நினைத்தவர்களில் 47 விழுக்காட்டினர் செய்யவில்லை.

இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், இந்தத் துறையின் முழுக் கதையும் அதில் இருக்கிறது. 'செய்ய மாட்டேன்' என்ற எண்ணம் கிட்டத்தட்ட அப்படியே பலிக்கிறது. 'செய்வேன்' என்பது நாணயம் சுண்டிய கதை. 0.53 என்ற அந்த மதிப்பான ஒட்டுறவைத் தாங்கிப் பிடிப்பதில் பெரும்பங்கு செய்ய நினைக்காதவர்களுடையது. செய்யாமல் இருப்பதற்கு ஒரு முயற்சியும் தேவையில்லையே. 2013இல் ரோட்ஸும் டி ப்ரூயினும் உடற்பயிற்சி ஆய்வுகளை மட்டும் எடுத்து இதே கணக்கைப் போட்டார்கள். நினைத்தவர்களில் 46 விழுக்காட்டினர் செய்யவில்லை. பத்தாண்டு கழித்து, வேறு ஆய்வுகளில், ஏறக்குறைய அதே பாதி.

இன்னொரு சங்கடமும் உண்டு. எண்ணமும் செயலும் சேர்ந்து போகின்றன என்பதற்காக எண்ணம்தான் செயலை உண்டாக்குகிறது என்று சொல்லிவிட முடியாது. போன மாதம் ஓடியவர் இந்த மாதமும் ஓட நினைப்பார், ஓடவும் செய்வார். இரண்டுக்கும் காரணம் அவரது பழைய ஓட்டமாக இருக்கலாம். இதைச் சோதிக்க ஒரே வழி, பரிசோதனையில் எண்ணத்தை வேண்டுமென்றே மாற்றிவிட்டுச் செயல் மாறுகிறதா என்று பார்ப்பது. வெப்பும் ஷீரனும் 2006இல் அப்படிப்பட்ட 47 பரிசோதனைகளைத் தொகுத்தார்கள். எண்ணத்தில் 0.66 என்ற அளவுக்கு (இது ஒட்டுறவு அல்ல, இரண்டு குழுக்களுக்கு இடையிலான வேறுபாட்டின் அளவு; 0.2 சிறிது, 0.5 நடுத்தரம், 0.8 பெரிது) நல்ல மாற்றத்தை உண்டாக்கியபோது நடத்தையில் 0.36 அளவு மாற்றமே வந்தது. ஆகவே எண்ணம் உண்மையான காரணம்தான். ஆனால் ஒட்டுறவு எண்கள் காட்டுவதைவிடச் சிறிய காரணம்.

அளப்பதே அளக்கப்படுவதை மாற்றிவிடும் என்பதையும் போகிற போக்கில் சொல்லிவிடுகிறேன். 1980இல் ஸ்டீவன் ஷெர்மன் ஒரு கூட்டத்தாரிடம், புற்றுநோய்ச் சங்கத்துக்காக மூன்று மணி நேரம் நன்கொடை திரட்டச் சொன்னால் செய்வீர்களா என்று ஊகிக்க மட்டும் சொன்னார். கிட்டத்தட்ட பாதிப் பேர் செய்வோம் என்றார்கள். பிறகு வேறொருவர் உண்மையாகவே கேட்டபோது அவர்களில் 31 விழுக்காட்டினர் ஒப்புக்கொண்டார்கள். முன்கூட்டிக் கேட்கப்படாத கூட்டத்தில் ஒப்புக்கொண்டவர்கள் 4 விழுக்காடு. அவர்கள் தங்களைப் பற்றித் தவறாகவே கணித்தார்கள், ஆனால் அந்தத் தவறான கணிப்பே அவர்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. கேள்வித்தாளை வைத்துக்கொண்டு எண்ணத்தை ஆராயும் எவருக்கும் இது ஒரு தலைவலி.

2014இல் ஃபால்கோ ஸ்னீஹோட்டாவும் வேறு இரண்டு ஆய்வாளர்களும் சேர்ந்து, திட்டமிட்ட நடத்தைக் கோட்பாட்டுக்கு ஓய்வு கொடுக்கும் நேரம் வந்துவிட்டது என்று தலைப்பிலேயே எழுதினார்கள். கோட்பாடு நன்றாக உயிரோடு இருக்கிறது, ஓய்வுபெறத் தயாராக இல்லை என்று அய்சனும் தலைப்பிலேயே பதில் கொடுத்தார். என் கணிப்பில் இரு தரப்புக்கும் பாதி நியாயம். செயலை மாற்றும் கருவி என்று விற்கப்பட்டால் அது ஓய்வுபெற வேண்டியதுதான். ஒரு குறிப்பிட்ட கூட்டத்தார் ஏன் ஒன்றைச் செய்ய நினைக்கவே இல்லை என்று கண்டறிய அதைவிட எளிய, சிக்கனமான கருவி இன்னும் வரவில்லை.

சரி, நினைத்தும் செய்யாத அந்தப் பாதிப் பேர்? அவர்களுக்கான விளக்கம் ஜெர்மனியிலிருந்து வந்தது. ஹைன்ஸ் ஹெக்ஹவுசனும் பீட்டர் கோல்விட்சரும் 1980களில் முன்வைத்த மாதிரிக்கு ரூபிகான் என்று பெயர். கி.மு. 49இல் ஜூலியஸ் சீசர் படையோடு கடந்த ஆறு அது. கடந்தபின் உள்நாட்டுப் போர்தான், திரும்ப முடியாது. ஒரு செயலுக்கு முன் இரண்டு கட்டங்கள் உண்டு என்றார்கள். ஆற்றுக்கு இந்தப் பக்கம், வேண்டுமா வேண்டாமா என்று எடை போடும் மனம்: நல்லது கெட்டது இரண்டையும் திறந்த மனத்தோடு பார்க்கும். முடிவெடுத்து அந்தப் பக்கம் போனபின் மனத்தின் சுபாவமே மாறிவிடுகிறது. எப்போது, எங்கே, எப்படி என்றுதான் யோசிக்க வேண்டும், வேண்டுமா என்று அல்ல. ஃபிஷ்பைனும் அய்சனும் முழுக்க இந்தப் பக்கக் கரையின் வரைபடத்தைத்தான் போட்டிருந்தார்கள். மறுகரையில் நிற்பவரிடம் போய் உடற்பயிற்சியின் நன்மைகளை இன்னொரு முறை விளக்குவது வீண்.

எவ்வளவு வீண் என்பதை 2002இல் மில்னும் ஆர்பெல்லும் ஷீரனும் கல்லூரி மாணவர்களிடம் நடத்திய ஆய்வு அப்பட்டமாகக் காட்டியது. அடுத்த வாரத்தில் ஒரு முறையாவது 20 நிமிடம் கடுமையாக உடற்பயிற்சி செய்ய வேண்டும், அவ்வளவுதான் இலக்கு. ஒரு குழுவுக்கு எதுவும் சொல்லவில்லை. இரண்டாவது குழு இதய நோயைப் பற்றியும் உடற்பயிற்சியின் பலனைப் பற்றியும் படித்தது. மூன்றாவது குழு அதையும் படித்து, கூடவே எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் செய்யப் போகிறோம் என்று எழுதிக் கொடுத்தது. எதுவும் கேட்காத குழுவில் 38 விழுக்காட்டினர் செய்தார்கள். படித்த குழுவில் 35. எழுதிக் கொடுத்த குழுவில் 91. இரண்டாவது குழுவினரின் எண்ணம் கூடத்தான் செய்தது. அவர்கள் வாங்கிக்கொண்ட உற்சாகம் எல்லாம் எண்ணத்தோடு நின்றுவிட்டது.

இந்த எழுதிக் கொடுக்கும் வித்தையைத்தான் கோல்விட்சர் நிறைவேற்று எண்ணம் என்ற பெயரில் தனியாகப் பிரித்தார். 'உடற்பயிற்சி செய்வேன்' என்பது இலக்கு எண்ணம். 'செவ்வாய் மாலை வேலை முடிந்து கட்டடத்தை விட்டு வெளியே வந்ததும், வலப்பக்கம் திரும்பிப் பூங்காவுக்குப் போவேன்' என்பது நிறைவேற்று எண்ணம். வித்தியாசம் விவரம் மட்டுமல்ல. முதலாவதில், எப்போது தொடங்குவது என்ற முடிவு அந்தந்த நேரத்து மனநிலைக்கு விடப்படுகிறது. செவ்வாய் மாலை களைத்த மனம் அதை மறுபடி எடை போடும், தோற்கும். இரண்டாவதில் அந்த முடிவு முன்பே எடுக்கப்பட்டு, கதவைத் தாண்டுவது என்ற புறக் குறிப்போடு கட்டிவைக்கப்பட்டிருக்கிறது. குறிப்பு கண்ணில் பட்டதும் செயல் ஏறக்குறைய தானாகக் கிளம்புகிறது. டிசம்பர் 24 மாலையை எப்படிக் கழித்தோம் என்று 48 மணி நேரத்துக்குள் எழுதி அனுப்பச் சொல்லி 1997இல் மாணவர்களிடம் கேட்டபோது, எங்கே எப்போது எழுதுவோம் என்று முன்பே குறித்தவர்களில் 71 விழுக்காட்டினரும், குறிக்காதவர்களில் 32 விழுக்காட்டினரும் அனுப்பினார்கள். பண்டிகை மயக்கத்தில் யாரும் எழுத உட்கார விரும்பாத நேரம் என்பதால்தான் அந்த நாளைத் தேர்ந்தெடுத்தார்கள். 2006இல் கோல்விட்சரும் ஷீரனும் 94 ஆய்வுகளைத் தொகுத்தபோது சராசரி விளைவு, வெப்பும் ஷீரனும் பயன்படுத்திய அதே அளவுகோலில், 0.65 என்று வந்தது.

இதைக் கேட்டதும் 'இவ்வளவுதானா, எழுதி வைத்தால் போதுமா' என்று கிளம்பிவிடுகிறவர்கள் அதிகம். கொஞ்சம் நிதானம் தேவை. 2011இல் காத்ரின் மில்க்மனும் மற்றவர்களும் ஒரு பெரிய நிறுவனத்தின் ஊழியர்களிடம் இதைச் சோதித்தார்கள். பணியிடத்திலேயே காய்ச்சல் தடுப்பூசி இலவசம். எல்லோருக்கும் நாள், நேரம், இடம் அச்சிட்ட நினைவூட்டல் அஞ்சல் போனது. ஒரு குழுவுக்கு வந்த தாளில் மட்டும், எந்த நாள், எத்தனை மணிக்குப் போவீர்கள் என்று எழுதக் காலிக் கட்டம் இருந்தது. யாரும் அதைத் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை. கட்டம் இல்லாதவர்களில் 33.1 விழுக்காட்டினர் போட்டுக்கொண்டார்கள். கட்டம் இருந்தவர்களில் 37.1. நாளை மட்டும் எழுதச் சொன்ன குழுவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. 35இலிருந்து 91க்குத் தாவியதைப் பார்த்த கண்ணுக்கு இந்த நான்கு புள்ளி ஏமாற்றம்தான். ஆனால் இந்தக் கூட்டத்தில் போட விருப்பமே இல்லாதவர்களும் கலந்திருந்தார்கள். இல்லாத இலக்கை நிறைவேற்று எண்ணம் உண்டாக்காது. ஒரு காலிக் கட்டத்தை அச்சிட ஆகும் செலவை நினைத்தால் நான்கு புள்ளி மோசமில்லை என்பதே என் கட்சி.

வேறு சில வரம்புகளும் உண்டு. ஒரே நேரத்தில் ஐந்தாறு இலக்குகளுக்கு இப்படித் திட்டம் போட்டால் பலன் கரைந்துவிடுகிறது; எல்லாம் சேர்ந்து எவ்வளவு கடினம் என்பது கண்ணில் பட்டு, ஈடுபாடே குறைந்துவிடுகிறது. அடுத்து, திட்டம் தொடக்கத்தைத்தான் பார்த்துக்கொள்கிறது. நடுவே ஒரு வாரம் விட்டுப்போனால்? ரால்ஃப் ஷ்வார்ட்சர் 1990களில் கட்டிய மாதிரி இதற்கென்றே இரண்டு வேலைகளைப் பிரித்தது. 'தொடங்க முடியும்' என்ற நம்பிக்கை வேறு, 'விட்டுப்போனாலும் மறுபடி பிடித்துக்கொள்ள முடியும்' என்ற நம்பிக்கை வேறு. நான்கு முறை புகையை விட்ட அந்த மனிதருக்கு முதலாவது நிறையவே இருந்திருக்கும், இல்லாவிட்டால் நான்கு முறை தொடங்கியிருக்க மாட்டார். அவரிடம் குறைவாக இருந்தது இரண்டாவதுதான். அவருக்கு 'நண்பர் ஒரு சிகரெட்டை நீட்டினால் நான் இதைச் சொல்லி எழுந்துபோவேன்' என்ற மாதிரி, தடையை முன்கூட்டியே யோசித்து வைக்கும் திட்டம் வேண்டும்.

இதுவரை சொன்ன எல்லாமே எண்ணம் என்று ஒன்று களத்தில் இருப்பதாக வைத்துக்கொண்டு பேசியது. அது களத்திலேயே இல்லாத செயல்கள் ஏராளம். இதைக் காட்டுவதற்கு வெண்டி வுட்டும் டேவிட் நீலும் 2011இல் வெளியிட்ட பாப்கார்ன் ஆய்வை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. திரையரங்கில் முன்னோட்டப் படங்கள் பார்க்க வந்தவர்களில் சிலருக்குப் புதிய பாப்கார்னும், சிலருக்கு ஏழு நாள் பழையதும் கொடுத்தார்கள். பழையது நமத்துப்போனது, சாப்பிட்டவர்களே நன்றாக இல்லை என்றார்கள். ஆனாலும் திரையரங்கில் வழக்கமாகப் பாப்கார்ன் தின்பவர்கள் பழையதையும் புதியதைப் போலவே தின்று தீர்த்தார்கள். அதே பழைய பாப்கார்னை ஒரு கூட்ட அறையில் கொடுத்தபோது அப்படித் தின்னவில்லை. திரையரங்கிலேயே, வழக்கமாகப் பயன்படுத்தாத கையால் எடுத்துத் தின்னச் சொன்னபோதும் பழையதைக் குறைத்துக்கொண்டார்கள். சுவையும் விருப்பும் அப்போதுதான் பேச்சுக்கே வந்தன. இருட்டும் இருக்கையும் திரையும் கையை நேராக இயக்கின. எண்ணத்திடம் யாரும் கேட்கவில்லை.

ஹாரி ட்ரையாண்டிஸ் 1970களிலேயே இதை எதிர்பார்த்திருந்தார்: ஒரு செயல் பழகப் பழக, எண்ணத்தின் பங்கு குறையும், பழக்கத்தின் பங்கு கூடும். 1998இல் ஔலெட்டும் வுட்டும் தொகுத்த ஆய்வுகள் அதை உறுதிசெய்தன. தினமும் ஒரே சூழலில் செய்யும் காரியங்களில் பழைய நடத்தையே அடுத்த நடத்தையைச் சொல்லிவிடுகிறது. எப்போதாவது செய்யும் காரியங்களில், அல்லது சூழல் மாறிக்கொண்டே இருக்கும்போது, எண்ணம் ஆள்கிறது. ஆகவே எண்ணத்தை மட்டும் மாற்றும் பிரசாரம் தடுப்பூசி, ரத்ததானம் போன்றவற்றில் ஓரளவு எடுபடும். நொறுக்குத்தீனி, கைபேசி போன்றவற்றில் படுத்துவிடும். அந்த இடத்தில் சூழலைத் தொடாமல் காரியம் ஆகாது. வீடு மாறுவது, வேலை மாறுவது போன்ற நேரங்களில் பழைய குறிப்புகள் அறுந்துபோவதால், எண்ணத்துக்குத் தற்காலிகமாக மறுபடி அதிகாரம் கிடைக்கிறது.

புதுப் பழக்கத்துக்கு 21 நாள் போதும் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார்கள். லண்டனில் ஃபிலிப்பா லாலியும் குழுவும் 96 பேரை 12 வாரம் பின்தொடர்ந்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் தானாக நடக்கும் நிலையை எட்ட நடுமதிப்பாக 66 நாள் ஆகும் என்று கணக்கு வந்தது. அதைவிட முக்கியம் வீச்சு: 18 நாளிலிருந்து 254 நாள் வரை. ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய கேடு எதுவும் வரவில்லை.

இளைஞர்கள் விஷயத்தில் இன்னொரு ஓட்டை. கிப்பன்ஸும் ஜெரார்டும் 1990களில் சுட்டிக்காட்டியது: பதின்ம வயதில் ஆபத்தான பல காரியங்கள் நினைத்துச் செய்யப்படுவதில்லை. 'இன்று இரவு குடித்துவிட்டு வண்டி ஓட்டும் எண்ணம் உண்டா?' என்று கேட்டால் உண்மையாகவே இல்லை என்பார்கள். வாய்ப்பு வந்தால் ஒத்துப்போவார்களா என்பது வேறு கேள்வி, அதற்கு வேறு பதில் வரும். எண்ணத்தைக் கேட்டு இவர்களைக் கணிக்க முயன்றால் ஏமாற்றமே மிஞ்சும்.

இனி கேள்வியின் கடைசிப் பகுதி: எதை எங்கே பயன்படுத்துவது. நான் செய்வது, மாதிரியைத் தேர்ந்தெடுக்கும் முன் ஷீரனின் அந்த நான்கு பிரிவுக் கட்டத்தைப் போட்டுப் பார்ப்பது. நீங்கள் மாற்ற நினைக்கும் கூட்டத்தில் பெரும்பாலோர் நினைக்கவே இல்லையா? அப்போது அய்சன் வழியில் போய், எந்த நம்பிக்கை தடுக்கிறது என்று திறந்த கேள்விகளோடு தொடங்குங்கள். உங்கள் ஊகத்தை அவர்கள் வாயில் திணிக்காதீர்கள். பலர் நினைத்தும் செய்யவில்லையா? அறிவுரைத் தாள் அடிப்பதை நிறுத்திவிட்டு, எப்போது எங்கே என்று அவர்களையே எழுத வைக்கலாம். தொடங்கி விட்டுவிடுகிறார்களா? ஷ்வார்ட்சரின் தடைத் திட்டம். நினைக்காமலே செய்துகொண்டிருக்கிறார்களா? இடத்தை, பொருளை, வரிசையை மாற்றுவதைத் தவிர வேறு வழி குறைவு. இதற்கெல்லாம் முன்னால், செய்யும் வசதியே அவர்களுக்கு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்; சூசன் மிச்சியும் மற்றவர்களும் 2011இல் திறன், வாய்ப்பு, உந்துதல் மூன்றையும் ஒரே சட்டகத்தில் வைத்தது அதற்காகத்தான். மருந்தகம் மூடியபின் வேலை விட்டு வருபவருக்கு மருந்து வாங்கும் எண்ணத்தை அளந்து ஆகப்போவது எதுவுமில்லை.

ஒரு எச்சரிக்கையும் சேர்த்துக்கொள்கிறேன். மேலே வந்த ஒட்டுறவு எண்களில் ஏறக்குறைய எல்லாமே ஓர் ஆளை இன்னோர் ஆளோடு ஒப்பிட்டுப் பெற்றவை: அதிகம் நினைப்பவர் குறைவாக நினைப்பவரைவிட அதிகம் செய்கிறாரா என்று. நீங்கள் கேட்பதோ ஒரே ஆளைப் பற்றி: திங்களன்று உறுதியாக இருந்தவர் வியாழனன்று ஏன் தளர்ந்தார்? எண்ணம் நாளுக்கு நாள் ஏறி இறங்குகிறது. நிலையாக நின்ற எண்ணம் செயலை நன்றாகவே கணிக்கிறது, ஆடிக்கொண்டிருக்கும் எண்ணம் கணிப்பதில்லை என்று ஷீரனும் கூட்டாளிகளும் பல முறை காட்டியிருக்கிறார்கள். ஒரே ஒரு முறை கேள்வித்தாள் கொடுத்து, எண்ணம் எவ்வளவு உறுதி என்பதற்கு ஒன்று முதல் ஏழு வரையிலான அளவில் ஏழு என்று வட்டமிட வைத்தால், அந்த ஏழு எத்தனை நாள் ஏழாகவே இருந்தது என்பது அதில் தெரியாது. யாருக்காவது இதைச் செயல்படுத்தப் போகிறீர்கள் என்றால், ஒரு முறை கேட்பதோடு நிறுத்தாமல் இடைவெளி விட்டு மூன்று நான்கு முறை கேளுங்கள்.